பழைய 26 இன்ச் எம்டிபி: டிஸ்க்கா மாத்தலாமா, இருக்கிற வி-பிரேக்கையே தேத்தலாமா?

சேலத்து_மிதி

வணக்கம் எல்லாருக்கும். எங்கிட்ட ஒரு பழைய எம்டிபி (மவுண்டன் பைக்) இருக்குங்க, சித்தப்பா பையன் பெங்களூர் போறப்ப விட்டுட்டு போனது, 2010 வாக்குல வாங்கினதுன்னு சொன்னான். என்ன கம்பெனின்னு மட்டும் கேக்காதீங்க, ஸ்டிக்கர் எல்லாம் உரிச்சு ஃபிரேம் முழுக்க மேட் பிளாக் ஸ்பிரே அடிச்சு வெச்சிருக்கான். அலுமினியம் ஃபிரேம், முன்னாடி சஸ்பென்ஷன், 3x7 கியர், முன்னாடியும் பின்னாடியும் வி-பிரேக், அதாவது ரப்பர் கட்டை ரெண்டு வந்து ரிம்ம பிடிக்கிற டைப்.

பிரச்சனை பிரேக்குதான். லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வருது, பின் பிரேக் பிடிச்சா விட்டாக்கூட கட்டை ரிம்ம விட்டு வெளிய வர யோசிக்குது, முன் பிரேக் கத்துற கத்துல தெரு நாய் எல்லாம் எழுந்திருது. மழைல சுத்தம், பிடிச்சு ஒரு மூச்சு விட்டப்புறம்தான் பிடிக்கவே ஆரம்பிக்குது. நம்ம பசங்க ஏற்காடு ஏறி இறங்கலாம்னு கூப்பிடறாங்க, ஏறுறது எப்படியோ உருட்டிக்கிட்டாவது போயிருவேன், இறங்குறதுதான் பயமா இருக்கு. 20 கொண்டை ஊசி வளைவு.

வீடியோல பாத்தேன், டிஸ்க் பிரேக் மாட்டற இடம் (மவுண்ட்) இல்லாத ஃபிரேமுக்கு ஒரு அடாப்டர் வருது, பின் ஆக்ஸில்ல மாட்டி டிஸ்க் போட்டுக்கலாம்னு. ரெண்டு பக்கமும் ஹைட்ராலிக் (ஆயில்ல வேலை செய்யற டிஸ்க்) போட்டா என்ன செலவாகும்? பட்ஜெட் 6000, இழுத்துப் பிடிச்சா 7000.

மெரினா_பெடல்

தல, 6000 இதுல போடாத. அந்த சைக்கிள வித்துட்டு மேல கொஞ்சம் போட்டு டிஸ்க் மவுண்ட் இருக்கிற செகண்ட் ஹேண்ட் 27.5 பாரு. 26 இன்ச்ல நல்ல டயரே இப்போ தேடித்தான் வாங்கணும்.

ஒத்தையடிப்பாதை

பேரே இல்லாத கறுப்பு சைக்கிள யார் வாங்குவா? 2000 கூட வராது. ரெண்டாயிரத்துக்கு வித்துட்டு இருபதாயிரத்துக்கு வாங்கச் சொல்ற ஐடியா எல்லா இழைலயும் ஒருத்தர் சொல்லிடறாரு.

ஸ்போக்கு_மணி

ஏனுங்க, விக்கறதா வெச்சுக்கறதாங்கறத அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல சைக்கிள் என்னான்னு பாக்கோணும். நான் கோயமுத்தூர்ல கடை வெச்சிருக்கறனுங்க, வாரத்துக்கு ஒருத்தராவது இதே கேள்வியோட வருவாங்க, பாதிப் பேருக்கு ஒயரும் கட்டையும் மாத்துனாலே சரியாப் போயிருது.

இதெல்லாம் போட்டோ எடுத்துப் போடுங்க: போர்க்குல இடது கால் கீழ ஆக்ஸில் பக்கம், ஃபிரேம்ல பின்னாடி இடது ட்ராப்அவுட் (ஆக்ஸில் உக்கார்ற காடி), முன் ஹப்பு பின் ஹப்பு, அப்பறம் பிரேக் லீவர் ரெண்டும். லீவரும் கியர் மாத்தறதும் ஒரே துண்டா இருக்குதா தனித்தனியாங்கறது முக்கியமுங்க, அதுலதான் நெறைய பேரு காச விடறாங்க. அதோட ரிம்ம கையால தடவிப் பாருங்க, கட்டை படற இடம் பள்ளமா குழிஞ்சிருக்குதான்னு.

சேலத்து_மிதி

போட்டோ போட்டுட்டேன் அண்ணா. நான் பாத்த வரைக்கும் சொல்றேன்: போர்க்குல இடது பக்கம் பெயிண்ட்டுக்குள்ள ரெண்டு ஓட்டை இருக்கு, சுரண்டுனப்பதான் தெரிஞ்சுது, போல்ட்டு பக்கவாட்டுல போற மாதிரி ஓட்டை. பின்னாடி ஒண்ணுமே இல்ல, வழவழன்னு இருக்கு. ஹப்பு ரெண்டும் ஒல்லியா சாதாரணமா இருக்கு, க்யூஆர் (ஸ்பேனர் இல்லாம லீவர்ல கழட்டற டைப்). லீவர்ல ஷிமானோ ஈஎஃப்51ன்னு எழுதியிருக்கு, கியரும் பிரேக்கும் ஒண்ணாத்தான் இருக்கு.

ரிம்: பின்னாடி பரவால்ல. முன்னாடி நல்லாவே குழிஞ்சிருக்கு, விரல் வெச்சா தெரியுது.

ஸ்போக்கு_மணி

சரிங்க, இப்ப வெளிச்சம் வந்துருச்சு.

ஒண்ணு, பின்னாடி டிஸ்க்க மறந்துருங்க. மவுண்ட் இல்ல, ஹப்பும் டிஸ்க் ஹப்பு இல்ல. அடாப்டர் பத்தி வேற யாராச்சும் சொல்லுவாங்க, நான் கடைல மாட்டிக் குடுக்கறதில்லைங்க, கேட்டு வந்தவங்களை திருப்பி அனுப்பியிருக்கறேன்.

ரெண்டு, முன்னாடி போர்க்குல இருக்கறது ஐஎஸ் (இன்டர்நேஷனல் ஸ்டாண்டர்டு) மவுண்ட்டு, ரெண்டு ஓட்டைக்கும் நடுவால 51 மில்லி இருக்கும், அளந்து பாருங்க. அதுக்கு ஒரு சின்ன அடாப்டர் போட்டா இப்ப வர்ற 74 மில்லி போஸ்ட் மவுண்ட் கேலிப்பர் (டிஸ்க்க கடிக்கற பாகம்) உக்காந்துரும். இது நீங்க வீடியோல பாத்த அடாப்டர் இல்லைங்க, கம்பெனியே பண்ற சாதாரண ஐட்டம், 160 மில்லி ரோட்டருக்கு (ஹப்புல மாட்டற டிஸ்க் தட்டு) எஃப்160ன்னு கேளுங்க.

மூணு, நீங்க ஹைட்ராலிக் போட்டா ஈஎஃப்51 கழட்டோணும், ஏன்னா அதுல பிரேக் லீவர மட்டும் எடுக்க முடியாது. கழட்டுனா கியர் மாத்தறதும் போயிருது. அப்ப தனி ஷிஃப்டர் ரெண்டு வாங்கோணும், ஷிமானோல எம்315 ஏழு ஸ்பீடுலயும் வருது, கெடைக்கும். ஆனா பிரேக் செட்டு, ஷிஃப்டர், கியர் ஒயர், வீலுன்னு போனா உங்க 7000 எங்கயோ போயிரும். மெக்கானிக்கல் டிஸ்க் (ஒயர்ல இழுக்கறது) போட்டா இதே லீவர் ஓடுமுங்க, வி-பிரேக் லீவரும் எம்டிபி மெக்கானிக்கல் டிஸ்க்கும் ஒயர் இழுக்கற அளவு ஒண்ணுதான்.

நாலாவதுதான் நெசமான விசயமுங்க. முன் ரிம்மு முடிஞ்சு போச்சு. குழிஞ்ச ரிம்மு ஓரம் மெல்லிசாயிரும், உள்ள காத்தழுத்தம், வெளிய கட்டை அழுத்தம், ஒரு நாள் ஓரம் பிளந்து வெளிய வந்துரும். அது இறக்கத்துல நடந்தா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல. பிரேக்கு எதுவா இருந்தாலும் முன் வீலு புதுசு வாங்கியே ஆகோணும். வாங்கறதுதான் வாங்கறீங்க, டிஸ்க் ஹப்பு இருக்கற வீலா வாங்கிப் போடுங்க.

ஆக முன்னாடி மெக்கானிக்கல் டிஸ்க், பின்னாடி இருக்கற வி-பிரேக்க ஒயரு கட்டை மாத்தி தேத்தறது. 4000 சில்லறைல முடிஞ்சுரும்.

மெரினா_பெடல்

முன்னாடி டிஸ்க் பின்னாடி ரிம் பிரேக்கா? பாக்க கேவலமா இருக்கும் பா.

ஒத்தையடிப்பாதை

பாக்கறதுக்கு பிரேக் போடறவங்க டிஸ்க் ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.

இறக்கத்துல முன் பிரேக்குதான் பெரும்பாலான வேலைய செய்யும், பின் வீல்ல வெயிட்டே இருக்காது, அழுத்துனா லாக் ஆகி வழுக்கத்தான் செய்யும். அதனால நல்ல பிரேக் ஒண்ணுதான் வாங்க முடியும்னா அது முன்னாடிதான் போகணும், மணி அண்ணன் சொன்னது சரி.

ஜாலி_ரைடர்_சேலம்

அந்த பின் அடாப்டர் என் ஃபிரண்டு போட்டிருக்கான், மூணு வருசமா ஓட்டறான் ஒண்ணும் ஆகல. எல்லாரும் சும்மா பயமுறுத்தறீங்க.

நெல்லை_கணக்கு

ஒண்ணும் ஆகலங்கறது நல்ல சேதிதான், ஆனா கணக்க ஒருவாட்டி பாத்துக்கிடுவோம்.

26 இன்ச் டயரோட ஆரம் சுமாரா 335 மில்லி. 160 ரோட்டர்ல பேட் கடிக்கிற இடத்தோட ஆரம் 75 மில்லின்னு வைங்க. தரைல 100 கிலோ அளவுக்கு பிரேக் விசை வேணும்னா ரோட்டர்ல அதைப் போல நாலரை மடங்கு விசை வேணும், 335ஐ 75ஆல வகுத்தா வருது. அந்த நாலரை மடங்கும் கேலிப்பர் வழியா ஒரே பக்கம், இடது பக்கம் மட்டும், ட்ராப்அவுட் ஓரத்துல இருக்கிற ஒல்லிக் குழாய்ல போய் விழுது. வி-பிரேக்குக்கு ரிம் ஓரத்துலயே பிடிக்கிறதால விசையே கம்மி, அதுவும் ரெண்டு பக்கமா பிரிஞ்சு போகும். டிஸ்க்குக்குன்னு பண்ணுன ஃபிரேம்ல அந்த இடத்துல குழாய் தடிமனா இருக்கும், இல்லேன்னா நடுவுல ஒரு தாங்கு கம்பி வெல்டு பண்ணிருப்பான். உம்ம ஃபிரேம்ல அது கெடையாது. அலுமினியத்துக்கு இன்னொரு கொணம் உண்டு, வளைஞ்சு காட்டாது, உள்ளுக்குள்ள விரிசல் வளந்து ஒரு நாள் பட்டுன்னு போகும். ஃபிரண்டு ஊருக்குள்ள ஓட்டுதாரா மலைல ஓட்டுதாரா?

ஜாலி_ரைடர்_சேலம்

ஊருக்குள்ளதான். சரி சரி.

நெல்லை_கணக்கு

இன்னொண்ணும் சொல்லுதேன், ஏற்காடுன்னதால. ஆளும் சைக்கிளும் பையும் சேத்து 90 கிலோன்னு வைங்க, மேலேந்து அடிவாரம் வர 1000 மீட்டருக்கு மேல இறங்குதீக. 90 x 9.8 x 1000, ஏறக்குறைய 8,80,000 ஜூல். ரெண்டே முக்கா லிட்டர் தண்ணிய பச்சத் தண்ணிலேந்து கொதிக்க வைக்கிற சூடு அது. இந்த சூடு எங்கயாவது போயாகணும். வேகமா விட்டா கணிசமான பங்கை காத்து வாங்கிக்கிடும், உருட்டிக்கிட்டு ஆமை வேகத்துல வந்தா பிரேக்குல சூடு வந்தாலும் மெதுவா வரும், ஆறிக்கிடும். ரொம்ப மோசம் நடுவாந்தர வேகம், பயந்துக்கிட்டு ரெண்டு பிரேக்கையும் லேசா பிடிச்ச மேனிக்கே முழு மலையும் இறங்குறது. ரிம் பிரேக்குல அந்த சூடு ரிம்முக்கு போய் ட்யூப்புக்கு போகும், உள்ள அழுத்தம் ஏறும், பழைய பஞ்சர் ஒட்டு இளகி பிரிஞ்சுரும். டிஸ்க்குல ரோட்டர் பயங்கரமா சூடாகும் ஆனா ட்யூப்புக்கு சம்பந்தம் இல்ல.

எதைப் போட்டாலும் வளைவுக்கு முன்னாடி நேர் ரோட்ல அழுத்திப் பிடிச்சு வேகத்தக் கொறச்சுட்டு, அப்புறம் விட்டுருங்க. ஆற விடணும்.

குப்பனூர்_வழி

குப்பனூர் பக்கம் மட்டும் மொத தடவையே இறங்கிறாதீங்க, அந்த ரோடு செங்குத்து ஜாஸ்தி. மெயின் ரோடே போதும். பஸ் வர்றப்ப வளைவுல முழு ரோட்டையும் எடுத்துக்குவான், அதுக்காகவாவது நிக்கிற பிரேக் வேணும்.

யாழ்_டொராண்டோ

வணக்கம். நான் ஒரு 90களின்ர ஸ்டீல் எம்டிபி வைச்சிருக்கிறன், கேன்டிலீவர் பிரேக்கோட (வி-பிரேக்குக்கு முந்தின வகை ரிம் பிரேக்) வந்தது. இங்க குளிர்காலத்தில ரோட்டில உப்புப் போடுவாங்கள், அது ஒயர், ரிம் எல்லாத்தையும் தின்னும், அதால பிரேக் வேலை எனக்குப் பழகிப் போச்சு.

ஷிமானோ வி-பிரேக்க 1996இல எக்ஸ்டிஆர், எக்ஸ்டி எண்ட தன்ர உயர்ரக செட்டுகளோட கொண்டு வந்தது. அதுக்கு முந்தின சைக்கிள் வைச்சிருக்கிற ஆக்கள் கவனிக்க வேண்டியது லீவர். வி-பிரேக்குக்கு கேன்டிலீவரை விடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஒயர் இழுக்க வேணும். பழைய லீவரோட வி-பிரேக் போட்டால் கட்டை ரிம்முக்குப் போக முந்தியே லீவர் ஹேண்டில்பாரில முட்டும். மறுவளமாப் போட்டால் லீவர் கல்லு மாதிரி இருக்கும், ஆனால் பிரேக் பிடிக்காது. தம்பியின்ர ஈஎஃப்51 வி-பிரேக் லீவர்தான், அதால பிரச்சினை இல்லை. டிஸ்க் வாங்கேக்கையும் இதே கதைதான், எவிட் பிபி7 மெக்கானிக்கல் டிஸ்க்கில மவுண்டன் எண்டும் ரோட் எண்டும் இரண்டு வரும், ரோட் கேலிப்பர் இந்த லீவருக்குச் சரிவராது. பழைய கடைச் சரக்கில மலிவா மாட்டினால் பார்த்து வாங்குங்கோ.

பின் பிரேக்குக்கு கூல்ஸ்டாப் சால்மன் கட்டை கிடைச்சால் போடுங்கோ, மழைக்கு அதுக்கு நிகர் நான் காணேல்லை. ரிம்மையும் குறைவாத்தான் தேய்க்கும்.

சேலத்து_மிதி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். சால்மன் இங்க கெடைக்கல, ஆன்லைன்ல விலை பாத்து மயக்கம் வந்துருச்சு. ஷிமானோ கட்டை வாங்கறேன். பின் பிரேக்க நானே பண்ணலாம்னு இருக்கேன், முன்னாடி வீல் வர நாளாகும். எங்க ஆரம்பிக்கறது மணி அண்ணா?

ஸ்போக்கு_மணி

ஒயர்ல ஆரம்பிங்க. லீவர் விட்டும் கட்டை வெளிய வரலீன்னு சொன்னீங்கல்ல, அது பாதி ஒயரு, பாதி போல்ட்டு.

கடைக்கு போய் பிரேக் ஒயர், பிரேக் அவுட்டர்னு (ஒயர் ஓடற வெளி உறை) சொல்லி வாங்குங்க. கியர் அவுட்டர் குடுத்தா வாங்காதீங்க, பாக்க ஒரே மாதிரி இருக்கும். பிரேக் அவுட்டர் 5 மில்லி, உள்ள கம்பி சுருள் சுருளா சுத்தியிருக்கும், கியர் அவுட்டர் 4 மில்லி, உள்ள கம்பி நீளவாக்குல நேரா ஓடும். அதை பிரேக்குக்கு போட்டு அவசரத்துக்கு இறுக்கிப் புடிச்சா கம்பி பிச்சுக்கிட்டு வெளிய வந்துரும், பிரேக்கே இருக்காது. தெரியாம போட்டுக் குடுத்த கடையெல்லாம் இருக்குதுங்க, அதனாலதான் சொல்றேன்.

அவுட்டர வெட்டுனா முனை நசுங்கியிருக்கும், அரத்துல சமமா தேச்சு, ஒரு ஆணி விட்டு ஓட்டைய திறந்து விட்டு, தொப்பி போட்டு மாட்டுங்க. நெறைய பேரு இதை விட்டுட்டு லீவரு மெத்து மெத்துன்னு இருக்குதுன்னு பொலம்பறாங்க. பிரேக்குகிட்ட வளைஞ்ச குழாய் இருக்கும் பாருங்க, நூடுல்னு சொல்வோம், அதுக்குள்ள சேறும் துருவும் அடைச்சிருக்கும், அதையும் மாத்துங்க, ஐம்பது அறுபது ரூவாதான்.

அப்பறம் பிரேக் கையி ரெண்டையும் கழட்டி, போர்க்குலயும் ஃபிரேம்லயும் நிக்கற தண்ட உப்புத்தாள்ல தொடைச்சு லேசா கிரீஸ் போடுங்க. சித்தப்பா பையன் ஸ்பிரே அடிச்சான்னீங்க, எனக்கென்னமோ அந்த பெயிண்ட் இந்த தண்டு மேலயும் ஏறியிருக்கும்னு தோணுது. மறுபடி மாட்டறப்ப ஸ்பிரிங்கு முனை போற ஓட்டை மூணு இருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே ஓட்டைல போடோணும்.

கட்டை வெக்கறது பொறுமையா பண்ணுங்க. டயர்ல படக்கூடாது, பட்டா டயர் ஓரத்த அறுத்துரும். ரொம்ப கீழயும் போகக்கூடாது, தேய தேய ரிம்முக்கு அடியால நழுவி ஸ்போக்ஸுக்குள்ள போயிரும். கட்டையோட முன் முனை மொதல்ல தொடற மாதிரி, பின்பக்கம் ஒரு மில்லி இடைவெளி. பின் முனைல ஒரு விசிட்டிங் கார்ட மடிச்சு வெச்சு லீவர புடிச்சு போல்ட்ட இறுக்குனீங்கன்னா தானா வந்துரும். கத்தறதுக்கு முக்கால்வாசி மருந்து இதுதானுங்க. உள்ள ரப்பர மட்டும் மாத்தற மாதிரி கார்ட்ரிட்ஜ் கட்டை வாங்குனா, தெறந்த பக்கம் சைக்கிளோட பின்பக்கம் பாக்கோணும். திருப்பி மாட்டுனா பிரேக் புடிக்கறப்ப ரப்பரு கழண்டு ஓடிரும்.

ரிம்ம பாத்திரம் தேய்க்கற பச்சை நார்ல தேச்சு ஸ்பிரிட்டுல தொடைங்க. முன்னாடி இருக்கற பழைய கட்டைய கழட்டித் திருப்பிப் பாருங்க, அலுமினியத் துணுக்கு பளபளன்னு பதிஞ்சிருக்கும், அதுதான் முன் ரிம்ம அரம் மாதிரி தேச்சிருக்கும்.

ஒத்தையடிப்பாதை

இந்த போஸ்ட்ட யாராவது பின் பண்ணி வைங்கப்பா.

சேலத்து_மிதி

பின் பிரேக் முடிஞ்சுது!! மணி அண்ணா சொன்ன மாதிரியே தண்டு மேல பெயிண்ட், பிரேக் கை இறுகிப் போய் சுத்தியல்ல தட்டித்தான் கழட்டினேன். நூடுல்லேந்து செம்மண்ணா கொட்டுச்சு. இப்ப ரெண்டு விரல்ல பிடிச்சா பின் வீல் லாக் ஆகுது, லீவர் பாதிலயே நின்னுருது. செலவு கட்டை, ஒயர், அவுட்டர், நூடுல் எல்லாம் சேத்து 640 ரூபா. ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம் போச்சு.

இப்ப எனக்கே சந்தேகம் வருது, முன்னாடியும் டிஸ்க் வேணாம் சாதாரண வீலு வாங்கி வி-பிரேக்கே போட்டா என்னன்னு.

மெரினா_பெடல்

ஹா ஹா, இழையே முடிஞ்சுது போ.

நெல்லை_கணக்கு

மழைக்காலத்துல ஓட்டாதவரா இருந்தா தாராளமா போடலாம். நல்லா வெச்ச வி-பிரேக் காஞ்ச ரோட்ல மட்டமான மெக்கானிக்கல் டிஸ்க்க விட நல்லாவே நிக்கும், இதை டிஸ்க் கட்சிக்காரங்க ஒத்துக்கிட மாட்டாங்க. ஆனா ஏற்காட்டுல மதியம் வெயில், சாயங்காலம் மழை. ரிம்ல தண்ணி ஏறிட்டா கட்டை மொதல்ல தண்ணியத் துடைச்சுட்டுத்தான் பிடிக்கும். ரோட்டர் மேல உசரத்துல இருக்கு, சின்ன இடத்துல அழுத்தமும் ஜாஸ்தி, தண்ணிய சட்டுன்னு துடைச்சுரும். புது வீலும் மலைச் சேத்துல தேயாது. என் ஓட்டு முன்னாடி டிஸ்க்.

யாழ்_டொராண்டோ

நானும் அதுக்குத்தான். அதோட வீல் கொஞ்சம் பெண்டானாலும் டிஸ்க்குக்குப் பிரச்சினை இல்லை, வி-பிரேக் எண்டால் ஒரு பக்கம் உரஞ்சிக்கொண்டே வரும்.

பைசா_வசூல்

மெக்கானிக்கல்ல எது வாங்கறது? ஷிமானோ ஹைட்ராலிக் எம்டி200 செட்டே இப்ப ஆஃபர்ல வருதே.

ஸ்போக்கு_மணி

எம்டி200 நல்ல சாமானுங்க, லீவர் தனியா இருக்கற சைக்கிளுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன். மினரல் ஆயில், வருசக் கணக்கா தொந்தரவு குடுக்காது. ஆனா இவருக்கு ஷிஃப்டர் செலவு தலைல விழுகுது, அதும் முன்னாடி ஒண்ணுக்காக. ஆயில் பத்தி ஒண்ணு சொல்லி வெக்கறேன்: ஷிமானோ, டெக்ட்ரோ, மகுரா எல்லாம் மினரல் ஆயில், ஹேய்ஸ் ஹோப் எல்லாம் டாட் ஆயில். மாத்தி ஊத்துனா உள்ள ரப்பர் சீலு ஊதிப் போய் பிரேக்கு மொத்தமா வீண். பைக் மெக்கானிக் கடைல டாட் 4 வாங்கி ஷிமானோல ஊத்திக் கொண்டு வந்து குடுத்தவங்க இருக்கறாங்க.

மெக்கானிக்கல்ல டெக்ட்ரோ ஏரிஸ் போதுமுங்க, இல்ல ஷிமானோ டிஎக்ஸ்805. காசு இருந்தா பிபி7, ரெண்டு பக்க பேடையும் கையாலயே திருகி வெச்சுக்கலாம். பேரு தெரியாத 400 ரூவா கேலிப்பர் மட்டும் வேண்டாம், கையி ஆடும், எவ்ளோ வெச்சாலும் நிக்காது.

ரோட்டர் வாங்கறப்ப அதுலயே ரெசின் பேட் மட்டும்னு எழுதியிருந்தா மெட்டல் பேட் போடாதீங்க, ரோட்டர தின்னுரும். ஆறு போல்ட்டு, டி25 நட்சத்திர சாவி, எதிரெதிரா மாத்தி மாத்தி இறுக்குங்க.

சேலத்து_மிதி

வீல், ஏரிஸ் கேலிப்பர், 160 ரோட்டர், எஃப்160 அடாப்டர் எல்லாம் வந்துருச்சு, மாட்டியும் ஆச்சு. பின்னாடியும் சேத்து மொத்தம் 4,300 கிட்ட. ஆனா ரெண்டு சந்தேகம். வீல் சுத்துனா சர்ர் சர்ர்னு ஒரு இடத்துல உரசுது. பிரேக் பிடிச்சா பழைய பின் பிரேக் அளவுக்குக்கூட நிக்கல. இதுக்கா இவ்ளோ செலவு பண்ணோம்?

ஒத்தையடிப்பாதை

பயப்படாதீங்க, புது பேடு பதமாகல. வண்டி இல்லாத ரோடா பாத்து 20 கிலோமீட்டர் வேகத்துக்கு வந்து, சீரா பிடிச்சு நடக்கிற வேகத்துக்கு கொறச்சு விடுங்க, முழுசா நிறுத்தாதீங்க. இதையே ஒரு இருபது வாட்டி. பேடுலேந்து ஒரு படலம் ரோட்டர்ல சீரா ஏறணும், அப்பத்தான் கடிக்கும். மாட்டுன அன்னிக்கே நேரா மலைக்குப் போனா பேடு கருகி கண்ணாடி மாதிரி வழவழன்னு ஆயிரும்.

ஸ்போக்கு_மணி

உரசறதுக்கு: ஏரிஸ்ல ஒரு பக்க பேடுதானுங்க நகரும், வெளிப்பக்கம். அது ரோட்டர தள்ளி உள்பக்க பேடு மேல அழுத்தும். அதனால உள்பக்க பேட ரோட்டர்கிட்ட மயிரிழை இடைவெளி விட்டு திருகி வெக்கோணும், தூரமா இருந்தா ரோட்டரு வளையறதுலயே லீவர் தீந்துரும். மொதல்ல கேலிப்பரோட ரெண்டு போல்ட்ட தளத்தி, லீவர இறுக்கிப் புடிச்சுக்கிட்டே போல்ட்ட கொஞ்சம் கொஞ்சமா மாத்தி மாத்தி இறுக்குங்க. அப்பறமும் ஒரே இடத்துல உரசுனா ரோட்டர் லேசா பெண்டு, சுத்தமான துணி சுத்துன ஸ்பேனர்ல மெதுவா நிமித்தலாம், சூடா இருக்கறப்ப தொடாதீங்க.

பேடு தேயத் தேய ஹைட்ராலிக் மாதிரி தானா நகந்து வராது. அப்பப்ப உள்பக்க திருகாணிய திருகி விடோணும். செயினுக்கு ஆயில் ஸ்பிரே அடிக்கறப்ப ரோட்டர துணி போட்டு மூடிக்கங்க, ஒரு துளி பட்டா பேடு போச்சு.

யாழ்_டொராண்டோ

இன்னொரு முக்கியமான விசயம், முன் க்யூஆர். டிஸ்க் பிரேக் பிடிக்கேக்க ஆக்ஸிலைக் கீழ தள்ளுற விசை வரும், அதால க்யூஆர் நல்லா இறுகியிருக்க வேணும், மூடேக்க உள்ளங்கையில அச்சு விழோணும். லீவரை ரோட்டர் இல்லாத வலது பக்கம் வைக்கிறது நல்லது. 2015இல ட்ரெக் கம்பனி வட அமெரிக்காவில மட்டும் பத்து லட்சத்துக்குக் கிட்டவான சைக்கிளைத் திருப்பி அழைச்சது இதுக்காகத்தான்: திறந்திருக்கிற க்யூஆர் லீவர் மடங்கி முன் ரோட்டருக்குள்ள மாட்டுப்படும் எண்டு. உங்கட லீவர் முழுக்கத் திறந்தால் ரோட்டரைத் தொடுதோ எண்டு பாருங்கோ.

சேலத்து_மிதி

பாத்துட்டேன் அண்ணை, வலது பக்கம்தான் இருக்கு, தொடல. உள்பக்க பேடுதான் ரொம்ப தள்ளி இருந்துச்சு, கொண்டு வந்து வெச்சப்புறம் உரசல் நின்னுருச்சு, ஏர்போர்ட் ரோட்டு பக்கம் போய் பதமாக்கிட்டும் வந்துட்டேன். கடி வந்துருச்சு, ஒரு விரல் போதும்.

குப்பனூர்_வழி

அப்ப எப்ப மலை?

சேலத்து_மிதி

போயிட்டு வந்தாச்சுங்க, போன வாரம். மெயின் ரோடுதான். ஏர்ற கதைய விடுங்க, கொரங்கு கூட எங்கள முந்திட்டு போச்சு. இறங்குறப்ப பாதி மலைல தூறல் பிடிச்சுது, முன் டிஸ்க் கொஞ்சம் கத்துச்சு ஆனா நின்னுது. பின் கட்டை ஈரத்துல மந்தம்தான், அது தெரிஞ்சதுதான். நெல்லை அண்ணன் சொன்ன மாதிரி நேர் ரோட்ல பிடிச்சு வளைவுல விட்டு வந்தேன், கூட வந்த ஒருத்தன் முழுக்க பிடிச்சுக்கிட்டே வந்தான், கீழ வந்து ரிம்ம தொட்டுட்டு கைய உதறுனான் பாருங்க.

கொறைன்னா கை வலி. மெக்கானிக்கல்ல விரலுக்கு வேலை ஜாஸ்தி, இறங்கி முடிக்கிறப்ப முன்கை விண்ணு விண்ணுன்னுச்சு. அடுத்து காசு சேந்தா லீவரும் ஷிஃப்டரும் பிரிச்சு ஹைட்ராலிக் முன்னாடி மட்டும் போடலாமான்னு இருக்கேன்.

ஸ்போக்கு_மணி

ஹைட்ராலிக்குக்கு முன்னால முன் அவுட்டர கம்ப்ரஷன்லெஸ் அவுட்டரா மாத்திப் பாருங்க, ஜேக்வயர்ல வருது. அழுத்தறப்ப அவுட்டர் சுருங்கறது கொறையும், கை வலியும் கொஞ்சம் கொறையும். லீவர் தூரத்த சரி பண்ற குட்டி திருகாணி ஈஎஃப்51லயே இருக்குது, அதையும் உங்க விரலுக்கு தகுந்த மாதிரி கிட்ட வெச்சுக்கங்க.

பைசா_வசூல்

பழைய முன் வீல் என்ன பண்ணீங்க? எனக்கு 26 இன்ச் க்யூஆர் வீல் ஒண்ணு தேவைப்படுது, கம்மி விலைல குடுத்தா எடுத்துக்கறேன்.

சேலத்து_மிதி

ரிம் குழிஞ்சு போனதுங்க அது, தர மாட்டேன். ஹப்பும் க்யூஆரும் நல்லா இருக்கு, 36 ஓட்டை. ஹப்ப மட்டும் பிரிச்சு அனுப்பறேன், காசு வேணாம், கூரியர் செலவு உங்களுது. மெசேஜ்ல அட்ரஸ் போடுங்க.